பட்ஜெட் கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் தேவையா? காசு போடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

விருதுநகர் மாவட்டம் சுந்தரபாண்டியத்தில் கோடை மத்தியானம். ஏசி இல்லாத அறை 36 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அந்த அறையில், சேர்த்து வைத்த காசில் வாங்கிய கம்ப்யூட்டரை 'ஓவர்கிளாக்' செய்தால் என்ன ஆகும்? வாட்டர் கூலிங் போட்டால் போதுமா? பார்க்கலாம்.

ஓவர்கிளாக் செய்தால் ஏன் சூடாகிறது?

பிராசஸரை நிர்ணயித்த வேகத்தைவிட அதிகமாக ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். வோல்டேஜை 10 சதவீதமும் வேகத்தை 5 சதவீதமும் கூட்டினால், மின்செலவு சுமார் 27 சதவீதம் கூடும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

முதல்ல, உங்க கம்ப்யூட்டரில் இது முடியுமா என்று பாருங்கள். இன்டெல்லில் பொதுவாக 'கே' என்று முடியும் பிராசஸரும் இசட் வரிசை போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனுக்கு பி450, பி550 போர்டு போதும். ஏ520 போர்டில் முடியாது.

தண்ணீர் குளிர வைக்குமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தண்ணீர் வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கடத்தும், அவ்வளவுதான். அறையைவிடக் குளிர்ச்சியாக்காது. 22 டிகிரி ஏசி அறையில் எடுத்த ரிவ்யூவில் 72 டிகிரி காட்டினால், நம்ம 36 டிகிரி அறையில் அது 86 ஆகிவிடும். ரைசன் 5 5600-க்கு உச்சவரம்பே 90 டிகிரிதான்.

எதை வாங்கலாம்?

* 150 வாட் வரை: நல்ல டவர் ஏர் கூலரே போதும். ஃபேன் கெட்டால் ஃபேனை மட்டும் மாத்தலாம்.
* 120 மி.மீ வாட்டர் கூலர்: தவிர்க்கலாம். பெரும்பாலும் நல்ல ஏர் கூலரைவிடப் பெரிய லாபம் கிடையாது.
* 200 வாட்டைத் தாண்டினால்: 240 அல்லது 360 மி.மீ சீல் செய்த 'ஆல் இன் ஒன்' வகை. வாரண்டி வருஷத்தைப் பார்த்து வாங்குங்க. இதில் பம்ப் நின்றால் பெரும்பாலும் முழு செட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

தனித்தனி பாகமாக வாங்கி வீட்டிலேயே சேர்க்கும் 'கஸ்டம் லூப்' பட்ஜெட்டுக்கு ஒத்துவராது. செய்தே தீருவேன் என்றால், போர்வெல் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றவே கூடாது, உப்பு படியும். அதற்கென விற்கும் திரவம்தான் வேண்டும். அலுமினிய ரேடியேட்டரையும் செம்பு பிளாக்கையும் சேர்த்தால் அரிப்பு வரும்.

மாட்டும்போது கவனிக்க

ரேடியேட்டரின் மேல்பகுதி பம்பைவிட உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்றுக் குமிழ் பம்பில் சிக்கி சத்தம் வரும், பம்பும் சீக்கிரம் தேயும். நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையம் பக்கம் இருப்பவர்கள் பஞ்சுத் தூசியைக் கவனிக்கணும். ரேடியேட்டர் இடுக்கில் தூசி அடைத்தால் எந்தக் கூலரும் வேலை செய்யாது. மாதம் ஒருமுறை, கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

இன்னொன்று, ஓவர்கிளாக்கால் பிராசஸர் கெட்டால் வாரண்டி கிடைக்காது.

செலவில்லாத வழி?

இருக்கு. வேகத்தைக் குறைக்காமல் வோல்டேஜை மட்டும் சிறிது சிறிதாகக் குறைக்கும் 'அண்டர்வோல்ட்'. கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் பழைய அளவுக்கே திரும்பிவிடலாம். முதலில் அதைச் செய்து பாருங்கள். கூலருக்கு எடுத்து வைத்த காசை கிராஃபிக்ஸ் கார்டில் போட்டால், கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.