அலுமினிய வள்ளமும் முற்றத்துக் கைவினையும்: ஐக்கிய அமெரிக்க நன்னீர் மீன்பிடியில் ஒரு பண்டத்தின் வரலாறு

கருவிகளின் வரலாற்றை அவற்றின் வடிவ மாற்றங்களின் பட்டியலாகவே எழுதிவிடும் வழக்கம் தொழினுட்ப வரலாற்றாசிரியர் பலரிடம் உண்டு. கருவியைச் செய்தவர் யார், அது யாருடைய உடைமையாயிற்று என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் பொழுதுபோக்காக மீன்பிடிப்போர் வைத்திருக்கும் சிறிய அலுமினிய வள்ளத்தை இவ்வினாக்களின் துணைகொண்டு நோக்குவது பயனுடையது. 12 முதல் 16 அடி வரை நீளமுள்ள இவ்வள்ளத்தை வாங்குவோரிற் பலர், அதனை வாங்கியபடியே பயன்படுத்துவதில்லை. வீட்டு முற்றத்தில் வைத்துத் தம் கையாலேயே அதனை மாற்றியமைக்கின்றனர். இது வெறும் பொழுதுபோக்கா, அன்றி உழைப்பில் இழந்த ஒன்றை மீட்கும் முயற்சியா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வள்ளத்தின் மூதாதை மரத்தாலானது. மிசூரி, ஆர்க்கன்சா மாநிலங்களின் ஓசாக் மலைப்பகுதியில் ஓடும் வைற் ஆற்றில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ‘ஜோன் வள்ளம்’ எனப்பட்ட தட்டையடி வள்ளங்கள் வழக்கிலிருந்தன. ஆற்றின் ஆழமின்மை அவற்றின் அடியைத் தட்டையாக்கிற்று. நகரத்திலிருந்து வந்த வசதி படைத்தோரைப் பொருட்களுடன் ஏற்றிச் செல்லும் வழிகாட்டித் தொழில் அவற்றை நீளமாக்கிற்று. தேவையை அறிந்த கையே பலகையை அறுத்தமையால், வள்ளத்தை வாங்கியபின் மாற்றியமைத்தல் என்பது தனியொரு செயலாக அங்கு பிரிந்து நிற்கவில்லை.

மரத்தின் இடத்துக்கு அலுமினியம் வந்தமை போரின் விளைவாகும். 1886இல் கண்டறியப்பட்ட மின்பகுப்பு முறையினால் இவ்வுலோகம் மலிவாயிற்று எனினும், அது மின்சாரத்தைப் பெருமளவில் விழுங்குவது. ஒரு கிலோகிராமை உருவாக்க இன்றுங்கூட ஏறத்தாழ 13 முதல் 15 கிலோவாற்று மணி வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமான உற்பத்திக்காக அலுமினியத் தொழில் பன்மடங்கு விரிந்தது. போர் முடிந்ததும் அவ்வுற்பத்தியாற்றலுக்குச் சந்தை தேவைப்பட்டது. போர் விமானங்களைச் செய்த கிரமன் நிறுவனம் 1945இல் அலுமினியச் சிறுதோணிகளை விற்கத் தொடங்கியது இப்பின்னணியிலேயே. தகட்டை இழுத்து வடிவமைத்தலும் தறையாணியால் இணைத்தலுமாகிய விமானத் தொழினுட்பமே தோணிக்கும் பயன்பட்டது.

இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்க வேறொரு தொடர்பும் உண்டு. வள்ளத்துக்கு உலோகத்தைத் தந்த அணைகளே அது மிதப்பதற்கான நீர்ப்பரப்பையும் தந்தன. ரெனெசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை 1942இல் வட கரோலினாவிற் கட்டத் தொடங்கிய பொன்ரானா அணையின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று, அல்கோவா நிறுவனத்தின் அலுமினிய உற்பத்திக்கு மின்சாரம் வழங்குவதாகும். அதன் நீர்த்தேக்கத்துக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. வைற் ஆற்றிலும் புல் சோல்ஸ் அணை 1951இலும் பீவர் அணை 1966இலும் நிறைவுற்றன. பழைய வழிகாட்டித் தொழிலின் ஆற்றுவழிகள் பல நீரினுள் மறைந்தன. அவ்விடத்தில் பாஸ் எனும் நன்னீர் மீனைத் தேடும் ஏரி மீன்பிடி வளர்ந்தது.

ஆற்றுக்கென உருவான வடிவம் ஏரியின் தேவைக்குப் போதவில்லை. முற்றத்துக் கைவினையின் பொருளியல் அடிப்படை இதுவே. நின்று தூண்டில் வீச மேற்றளம் தேவைப்பட்டது. ஓசையின்றி நகர மின்மோட்டாரும் அதற்குப் பற்றரியும் தேவைப்பட்டன. ஆழத்தை அறிய ஒலியலைக் கருவி தேவைப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிய அறிவே 1948இல் ஜப்பானின் புறுனோ நிறுவனத்தின் வழியாக மீன் தேடும் கருவியாயிற்று. இவற்றைப் பொருத்துவதற்குப் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். குறுக்காசனம் அமர்வதற்கு மட்டும் உரியதன்று. இரு பக்கத் தகடுகளையும் தாங்கும் உறுப்பும் அதுவே. அதன் அடியிலுள்ள நுரைப்பொருள், வள்ளத்தினுள் நீர் புகுந்தாலும் அது மூழ்காது காக்கின்றது. எனவே ஆசனத்தை வெட்டியெறிபவன் அவ்விரண்டையும் வேறு வழியில் ஈடுசெய்தல் வேண்டும். செப்பு உப்பூட்டிய பலகை ஈரத்தில் அலுமினியத்தைத் தொட்டால் தகடு அரிக்கப்படும். தளம் உயர்ந்தால் புவியீர்ப்பு மையமும் உயரும்; வள்ளம் கவிழும் ஆபத்து மிகும்.

தொழிற்சாலையில் ஒரே ஆணியை நாள் முழுதும் இறுக்குபவனுக்கு முழுப்பொருளின் வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமை இல்லை. முற்றத்திலோ அவனே திட்டமிடுகின்றான், அளக்கின்றான், பிழையைத் திருத்துகின்றான். விற்பனையை நோக்காது பயன்பாட்டுப் பெறுமதியை மட்டும் நோக்கிய உழைப்பு இது. இதனை நுகர்வு மோகம் என ஒதுக்குவோர் இவ்வுண்மையைக் காணத் தவறுகின்றனர்.

ஆயின் இதனைக் கைவினையின் மறுமலர்ச்சி எனப் போற்றுவதும் பொருந்தாது. முற்றத்தில் விளைந்த அறிவு முற்றத்தில் நின்றுவிடவில்லை. 1967இல் பீவர் ஏரியில் நடைபெற்ற பாஸ் மீன்பிடிப் போட்டி இப்பொழுதுபோக்கைப் போட்டித் துறையாக்கிற்று. 1968இல் வைற் ஆற்று வழிகாட்டியாக இருந்த பொறெஸ்ற் வூட் கண்ணாடியிழை வள்ளங்களைச் செய்யத் தொடங்கினார். 1978இல் மிசூரியைச் சேர்ந்த ஜோனி மொறிஸ், அலுமினிய வள்ளம், மோட்டார், இழுவண்டி ஆகிய மூன்றையும் ஒரே விலையில் ‘பாஸ் ட்ராக்கர்’ என விற்பனைக்கு விட்டார். மீன்பிடிப்போர் தாமே சேர்த்துப் பொருத்தியவை இப்போது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு அவர்களுக்கே விற்கப்பட்டன. கூலியின்றிப் பெறப்பட்ட அனுபவம் பண்டத்தின் விலையுள் அடங்கிற்று.

இருப்பினும் அம்முழுப்பண்டம் முற்றத்து வேலையை ஒழித்துவிடவில்லை. அதனை வாங்க இயலாதவர் பழைய வள்ளத்தை வாங்கி இன்றும் மாற்றியமைக்கின்றனர். வாங்கியவருங்கூட ஓரிரு துளைகளையேனும் தாமே இடுகின்றனர். தான் செய்யும் பொருளைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்னும் மனிதத் தேவை, உழைப்பு நேரத்திலிருந்து விரட்டப்பட்டு ஓய்வு நேரத்திற் புகலிடம் தேடியமையையே இவ்வரலாறு காட்டுகின்றது. அத்தேவை உழைப்பு நேரத்துக்குள்ளேயே நிறைவுறுமாறு உற்பத்தி உறவுகள் மாறாதவரை, முற்றத்துக் கைவினை தனிமனிதனின் ஆறுதலாகவே நிற்கும்.