கோழிக் கொட்டகையில் தொடங்கிய கணக்கு

நம் நூலகத் துறையின் மலரில் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் வரலாறு எதற்கு என்று மலர்க் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் "உங்க ஜர்னலுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?" என்ற விசாரிப்புக்குத் தப்பிய ஆய்வு மாணவர் இன்று எவருமில்லை. அந்த எண் பிறந்த வீடு, ஃபிலடெல்ஃபியாவின் அறிவியல் தகவல் நிறுவனம். நூலகர்கள் வாயில் வெறும் ஐ.எஸ்.ஐ. மின்விசிறியிலும் சிமென்ட் மூட்டையிலும் இருக்கும் நம் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நிறுவனர் யூஜின் கார்ஃபீல்ட் 1925-இல் நியூயார்க்கில் பிறந்தவர், வேதியியல் படித்தவர். 1951-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வெல்ச் மருத்துவ நூலகத்தில், மருத்துவக் கட்டுரைகளை இயந்திர உதவியுடன் அட்டவணைப்படுத்தும் திட்டத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் வில்லியம் அடேர் என்பவர், தாம் முன்பு துணைத் தலைவராக இருந்த ஷெப்பர்ட்ஸ் நிறுவனத்தின் சட்டத் தொகுதிகளைப் பற்றி அவருக்கு எழுதினார். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த தீர்ப்புகளில் எவை ஏற்றன, எவை தள்ளின என்று காட்டும் அடைவு அது. 1873 முதல் அமெரிக்க வக்கீல்களின் கைவிளக்கு. அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955-இல் 'சயன்ஸ்' இதழில் கார்ஃபீல்ட் எழுதினார். காலாவதியான, தவறான தரவைச் சரிபார்க்காமல் எடுத்தாளும் பழக்கத்தை ஒழிப்பதுதான் அவர் சொன்ன முதல் பயன். யாருக்கும் மார்க் போடும் எண்ணம் அதில் இல்லை.

எண்ணம் இருந்தது, பணம் இல்லை. 500 டாலர் கடன் வாங்கி, நியூ ஜெர்சியில் ஒரு பழைய கோழிக் கொட்டகையைச் சீராக்கி வேலையைத் தொடங்கினார். பிழைக்க வழி காட்டியது 'கரண்ட் கன்டென்ட்ஸ்'. புது இதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை அப்படியே சுருக்கி அச்சிட்ட, கைக்கடக்கமான வாரப் புத்தகம். பின்பக்கங்களில் ஆசிரியர்களின் முகவரி இருக்கும். இதழை வாங்க வசதியில்லாத நம் கல்லூரிகளுக்கு அந்த முகவரிகள்தாம் உயிர்நாடி. தலைப்பைப் பார்த்து, கட்டுரைப் பிரதி கேட்டு ஒரு ரீபிரிண்ட் கார்டு போடுவார்கள். எங்கிருந்தோ ஒரு பேராசிரியர் தம் செலவில் தபாலில் அனுப்புவார். இம்பாக்ட் ஃபேக்டரைவிட இந்தச் சின்னப் புத்தகம்தான் நம் ஆய்வாளர்களுக்கு அதிகம் செய்தது என்பது என் கட்சி.

1960-இல் ஐ.எஸ்.ஐ. என்ற பெயர் வந்தது. நோபல் பரிசு பெற்ற மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் ஊக்கம் கொடுத்தார். 1961-ஆம் ஆண்டின் 613 இதழ்களையும் அவற்றிலிருந்த 14 லட்சம் மேற்கோள்களையும் ஐந்து தொகுதிகளில் அடக்கி, முதல் 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வெளிவந்தது. எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். பழைய கட்டுரை ஒன்றின் ஆசிரியர் பெயரைப் பிடித்தால், அந்த ஆண்டில் அதை மேற்கோள் காட்டியவர்கள் எல்லாம் அதற்குக் கீழே வரிசையாக நிற்பார்கள்.

எந்த இதழ்களைச் சேர்ப்பது என்ற நடைமுறைச் சிக்கலில்தான் அந்த எண் பிறந்தது. வெறும் மேற்கோள்களை எண்ணினால் பருத்த இதழ்களே முன்னால் நிற்கும், சின்ன இதழ் அடிபட்டுப் போகும். எனவே கார்ஃபீல்டும் அவருடைய சகா இர்விங் ஷெரும் வகுத்தலைக் கொண்டுவந்தார்கள். ஓர் இதழ் இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரை வெளியிட்டு, அவற்றுக்கு அடுத்த ஆண்டில் 150 மேற்கோள் கிடைத்தால் எண் 1.5. அவ்வளவுதான் வித்தை. 1975 முதல் 'ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ்' இதை ஆண்டுதோறும் வெளியிட்டது. எந்த இதழுக்குச் சந்தா கட்டுவது என்று தவிக்கும் நூலகருக்கு நல்ல உதவி. இதழை எடைபோடச் செய்த தராசில் மனிதர்களை ஏற்றியதில்தான் வம்பு வந்தது.

வகுத்தலிலும் ஓட்டை உண்டு. மேலே உள்ள எண்ணில் தலையங்கம், கடிதம் எதற்கு வந்த மேற்கோளும் சேரும். கீழே ஆய்வுக் கட்டுரையும் மதிப்பாய்வுக் கட்டுரையும் மட்டும். எது கட்டுரை, எது இல்லை என்ற பேரத்தில் தங்கள் எண் 3-க்குக் கீழிருந்து 11 வரை எங்கும் நின்றிருக்கலாம் என்று 'பிளாஸ் மெடிசின்' இதழின் ஆசிரியர்களே 2006-இல் போட்டு உடைத்தார்கள். இன்னொரு வேடிக்கை, படிகவியல் இதழான 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ'. 2008-இல் 2.051 ஆக இருந்த அதன் எண் மறு ஆண்டே 49.926 ஆனது. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் தம் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி 2008-இல் எழுதிய ஒரே கட்டுரை செய்த வேலை. அந்த மென்பொருளைத் தொட்டவர்கள் எல்லாம் அதை மேற்கோள் காட்டினார்கள். அதே இதழில் பக்கத்துக் கட்டுரை எழுதியவருக்கும் கிட்டத்தட்ட 50 என்ற மகுடம். இரண்டாண்டுக் கணக்கிலிருந்து அந்தக் கட்டுரை கழன்றதும் 2011-இல் எண் பழையபடி இரண்டுக்கு இறங்கிவிட்டது.

ஆளை எடைபோட இந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் பிரகடனம் எழுதினார்கள். கார்ஃபீல்டும் அதையே பலமுறை எச்சரித்தவர். நிறுவனம் 1992-இல் தாம்சன் கைக்குப் போனது. 2016-இல் அந்தத் தொழிலே விற்கப்பட்டு கிளாரிவேட் ஆனது. 2017-இல் கார்ஃபீல்ட் மறைந்தார். அடுத்த ஆண்டு கிளாரிவேட் தன் ஆய்வுப் பிரிவுக்கு ஐ.எஸ்.ஐ. என்ற பழைய பெயரையே சூட்டியது. 2023-இல் அவர்கள் செய்த சின்ன மாற்றம் ஒன்று எனக்குப் பிடித்தது. தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் கொடுத்துவந்தவர்கள், ஓர் இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். 2.051 என்றும் 2.076 என்றும் மேல் கீழாக நின்ற இதழ்கள் இனி 2.1 என்று ஒரே படியில் நிற்கும்.