ஒரு குட்டி ஃபங்ஷனுக்கு விடை கொடுத்த கதை

பி.காம். படிக்கிறவனுக்கு லினக்ஸ் கெர்னலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பொத்தேரியில் என் ரூம்மேட் கம்ப்யூட்டர் சயின்ஸ். அவன் சொல்லித்தான் இந்தக் கதை தெரியும்.

எழுத்துகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் காப்பி செய்ய 'ஸ்டர்-எல்-காப்பி' என்று ஒரு ஃபங்ஷன். 1998-ல் ஓபன்பிஎஸ்டிக்காக டாட் மில்லரும் தியோ டி ராட்டும் எழுதியது. 2003-ல் லினக்ஸுக்கும் வந்தது. கொடுத்த இடத்துக்கு மேல் எழுதாது, நல்ல பிள்ளைதான். ஆனால் பத்து எழுத்து போதும் என்றாலும், மூலத்தைக் கடைசி வரை படித்து நீளத்தை எண்ணும். முடிவுக்குறி இல்லாவிட்டால் அடுத்த மெமரிக்குள்ளும் நுழைந்துவிடும்!

2015-ல் 'ஸ்டர்-எஸ்-காப்பி' வந்தது. இடம் போதாவிட்டால் பிழை எண் தரும். அப்படியானால் பழைய பெயரைத் தேடி மொத்தமாக மாற்றிவிடலாமே? அங்கேதான் சிக்கல். நீளத்தை எதிர்பார்த்த இடத்தில் மைனஸ் எண் வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு இடமாகப் பார்த்து மாற்றி, 2024-ல் வந்த 6.8 பதிப்பில்தான் பழையதை நீக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜிலிப்சி நூலகம் 2023-ல்தான் அதைச் சேர்த்துக்கொண்டது!

எங்கள் பாஷையில் இது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். திறக்க ஒரு நிமிஷம். ஒவ்வொரு என்ட்ரியாகத் தேடி மூடுவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். மூடியவர்கள் பெயரும் யாருக்கும் ஞாபகம் இருக்காது.