பச்சைக் கோழி எருவும் மக்கிய கோழி எருவும்

பிராய்லர் கொட்டகை காலியானதும் எருவை டிராக்டரில் அள்ளிவந்து நேரே வயலில் இறைப்பது ஒரு வழி. குவித்து மக்கவைத்துப் போடுவது இன்னொன்று. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் எது சரி என்று கேட்டால், எந்தப் பயிருக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கணக்கை மட்டும் பார்த்தால் பச்சை எருதான் ஜெயிக்கும். அதில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். தொழுவுரத்தில் அரை சதவீதம்தான். வைக்கோல் கலந்து மக்கவைத்த கோழி எருவில் 1.9 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. பிறகு எதற்கு 50 நாள் காத்திருந்து சத்தைக் குறைத்துக்கொள்வது?

அந்த 3 சதவீதம் வேர் வரைக்கும் போய்ச் சேருவதில்லை என்பதுதான் விஷயம். எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அந்த யூரிக் அமிலத்தில்தான் தழைச்சத்தில் பெரும்பங்கு. ஈரம் பட்டால் அது அம்மோனியாவாகிப் பறந்துவிடும். கண்ணை எரிக்கும் அந்த நெடி, காசு கொடுத்து வாங்கிய உரம் காற்றில் போகிற நெடி. திறந்த வெளியில் கிடந்தால் 30 நாளில் பாதித் தழைச்சத்து காலி.

வைக்கோல் இந்த இழப்பைப் பெருமளவு தடுக்கும். அதிலுள்ள கரிச்சத்தைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தம் உடம்பில் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் 1 டன் எச்சத்துக்கு 1.25 டன் நறுக்கிய வைக்கோல், கூடவே சிப்பிக்காளான் வித்து; நிழலில் குவித்து இடையிடையே கிளறிவிட வேண்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியலாம், சொட்டக் கூடாது. குவியலின் நடுவில் கடப்பாரையைச் செருகி, சற்றுப் பொறுத்து உருவினால் நுனியைத் தொட முடியாத சூடு இருக்க வேண்டும். 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் சால்மோனெல்லாவும் களை விதையும் ஈப்புழுவும் பிழைப்பது அரிது.

வில்லியனூர்ப் பக்கம் கீரை, கத்தரி போடுகிறவர்கள் மக்காத எருவைத் தொடவே கூடாது. நாற்று கருகும், கீரையோடு கிருமியும் வீட்டுக்கு வரும். பாகூர் நெல் வயலில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பச்சை எருவை இறைத்து, அன்றைக்கே சேற்றில் மடக்கி உழுதால் இழப்பு குறையும். அளவு மீறினால் பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து, இலைச்சுருட்டுப் புழுவை அழைத்து, கதிர் முற்றும்போது சாய்ந்துவிடும்.

மக்கவைப்பதில் உண்மையான தடை வைக்கோல்தான். அதைத் தின்ன மாடு இருக்கிறது, வாங்க வியாபாரியும் வருகிறார். வைக்கோலுக்குப் பதில் கரும்புச் சோகையை நறுக்கிச் சேர்க்கலாம். சவுக்குச் சருகு மக்கச் சோம்பல்படும். ஒன்று கவனிக்க வேண்டும்: 1.25 டன் என்பது கூண்டுக் கோழியின் வெறும் எச்சத்துக்கான கணக்கு. பிராய்லர் ஆழ்கூளத்தில் உமியோ தென்னை நார்க்கழிவோ முன்பே கலந்திருப்பதால் அவ்வளவு தேவைப்படாது.

உப்பு மட்டும் இரண்டு எருவிலும் உண்டு. மக்கினாலும் அது எங்கும் போகாது. கடலோரமாக, போர்த் தண்ணீர் கரிக்கிற நிலத்தில் வருடா வருடம் கோழி எரு போடுகிறவர்கள், குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு, மண்ணையும் நீரையும் பரிசோதித்த பிறகு அளவை முடிவு செய்வது நல்லது.