ட்விட்டரின் ஏபிஐ: இலவசத்தில் இருந்து கட்டணம் வரை

ட்விட்டர் 2006ல் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தன் ஏபிஐ-யை வெளியாருக்குத் திறந்து விட்டது. ஏபிஐ என்றால் பயந்துவிட வேண்டாம். ஒரு நிரல் இன்னொரு கணினியிடம் "இந்தத் தகவலைக் கொடு" என்று கேட்கும் வழி, அவ்வளவுதான். எதை எப்படிக் கேட்பது என்று சொல்லும் விளக்க ஆவணம் இணையத்திலேயே இருந்தது. அதைப் படித்து மாணவர்கள் கூடத் தரவு சேகரித்தார்கள். 2010ல் ட்விட்டர் விலைக்கு வாங்கித் தன் சொந்த ஐபோன் செயலியாக்கிக் கொண்ட 'ட்வீட்டி' கூட வெளியார் எழுதியதுதான்! அப்படி வளர்ந்த தளம், 2012ல் புதிய செயலிகளுக்கு 1,00,000 பயனர் என்று வரம்பு போட்டது.

2023ல் இலவச வாசிப்பே நின்றது. மாதம் 100 டாலர் கட்டினால் 10,000 ட்வீட்கள் கிடைக்கும் என்றார்கள். லட்சக்கணக்கில் படிக்க வேண்டிய ஆய்வு மாணவனுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதே ஆண்டு ஜூலையில் ரெடிட்டும் கட்டணம் வைத்தது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் மக்கள் எழுதியதை இலவசமாக அள்ளுகின்றன என்பது அது சொன்ன காரணம். காரணம் நியாயம்தான், ஆனால் ஜூன் 30ல் மூடப்பட்டது 'அப்போலோ' என்ற சிறிய செயலி. 2024ல் ரெடிட்டுடன் ஒப்பந்தம் போட்டுத் தரவை வாங்கியது கூகுள்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது முறையை வெளியிட்டது. இதில் ஒரு கருவி என்ன செய்யும், என்ன கேட்கும் என்ற விளக்கத்தைப் படிப்பது ஏஐ முகவர். விளக்கம் அரைகுறையாக இருந்தால் அது தவறான கருவியை அழைத்துவிடும். விளக்கம் சரியாக இருந்தாலும், தளம் கேட்கும் கட்டணத்தைக் கட்டுவது மனிதர்தான்.