கிண்ணம் மட்டும்தான் அளவுகோலா?

ஒரு பயிற்றுநர் கெட்டிக்காரரா என்று கேட்டால், நம்மவர்கள் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்?" லுக்குட், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டத் திடல்களில் பந்து உதைத்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இறுதியாட்டத்தில் தோற்றால் முதலில் உருளுவது பயிற்றுநரின் தலைதான். இது நியாயமா? நம் மாநிலத்தின் வரலாற்றையே சாட்சிக்கு அழைப்போம்.

நெகிரி செம்பிலான் 1948இல் மலாயாக் கிண்ணத்தை வென்றது. பின்னர் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறிய அப்போட்டியில் அடுத்த வெற்றி கிட்ட 61 ஆண்டுகள் ஆயின. 2009 இறுதியாட்டத்தில் கிளாந்தானை 3-1 என வீழ்த்தினோம். 2010இல் அதே கிளாந்தான், பி. சத்தியநாதன் பயிற்சியில் நம்மை 2-1 என வென்று தன் முதல் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. 2011இல் திரங்கானுவை 2-1 என வென்று மீண்டும் நாம் வாகை சூடினோம்.

கிண்ணத்தை மட்டும் எண்ணினால் மலேசியக் கிண்ணத்தில் 2010 ஒரு வெற்று ஆண்டு. ஆனால், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இறுதியாட்டம் வரை வந்தது சாதாரணக் காரியமா? கிளாந்தானும் 2009 தோல்வியோடு கலைந்து போயிருந்தால் 2010 வெற்றி ஏது?

இன்னொன்றையும் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு, 2014இல் நெகிரி இரண்டாம் நிலைப் பிரிமியர் லீக்கில் ஆட வேண்டியதாயிற்று. கிண்ணம் அலமாரியில் இருக்கும். அது அடுத்த அணியை உருவாக்காது. 2021இல் கே. தேவன் பயிற்சியில் பிரிமியர் லீக்கை வென்று மேலே வந்த நெகிரி, 2022 சூப்பர் லீக்கில் நான்காம் இடம் பிடித்தது. நான்காம் இடத்துக்குக் கிண்ணம் கிடையாது. ஆனால் அந்த உழைப்பு சிறியதா?

தேசிய அணிக்கு வருவோம். கே. ராஜகோபால் 2009 சீ விளையாட்டில் தங்கம் வென்று தந்தார். 2010 சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 5-1 எனத் தோல்வி. அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? அதே மாதம் 29ஆம் தேதி, அதே இந்தோனேசியாவை மொத்தம் 4-2 என வென்று மலேசியா முதன்முறையாக அக்கிண்ணத்தை ஏந்தியது. அதன் பின் 2014இலும் 2018இலும் இறுதியாட்டம் வரை சென்றோம். 2024 போட்டி வரை கிண்ணம் மட்டும் திரும்பவில்லை. அந்த அணிகளைத் தோற்றுப்போனவை என்று ஒதுக்க முடியுமா?

கூடைப்பந்திலும் இதே வழக்குதான். அமெரிக்காவின் என்பிஏ போட்டியில் பில் ஜாக்சன் பயிற்றுநராக 11 முறை வாகை சூடியவர். ஜெர்ரி ஸ்லோன் 1988 முதல் 2011 வரை யூட்டா ஜாஸ் அணியை நடத்தினார். முதல் 15 பருவங்களிலும் தம் அணியை வெளியேற்றுச் சுற்றுக்குக் கொண்டு சென்றார். 1997, 1998 இறுதிச் சுற்றுகளில் மைக்கல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸிடம் தோற்றார். ஒரு பட்டமும் இல்லை. ஆனால் 2009இல் புகழ்மன்றத்தில் ஜோர்டனோடு ஸ்லோனும் இடம்பெற்றார்.

"எப்போதும் இரண்டாம் இடம் என்பது ஒரு சாக்கு" என்பவர்களும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. இறுதியாட்டம் மன உறுதிக்கான சோதனை. அதை மறுக்க முடியாது. ஆனால், ஒரு பெனால்டி, ஒரு காயம் கிண்ணத்தைக் கைமாற்றிவிடும். பல மாதங்கள் நீளும் லீக்கில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைவு. பண பலமும் உண்டு: 2014 முதல் 2024-25 வரை சூப்பர் லீக்கை ஒரு பருவம்கூடத் தவறாமல் ஜொகூர் டாருல் தக்சிம் வென்றது. மற்ற அணிகளின் பயிற்றுநர்கள் எல்லாரும் திறமையற்றவர்களா என்ன?

ஆகவே, தோட்டத்து அணியோ மாநில அணியோ, பயிற்றுநரை மாற்றும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். அவர் வந்தபோது அணி எந்த நிலையில் இருந்தது? எத்தனை ஆண்டுகள் வெற்றிக்கு அருகில் வைத்திருந்தார்? எத்தனை இளைஞர்களை உருவாக்கினார்? கிண்ணத்தை நான்காவதாக எண்ணுங்கள். மாலை நேரத்தில் நம் பிள்ளைகளைத் திடலில் கட்டிக்காக்கும் பயிற்றுநரை, ஒரு தோல்விக்காக இழந்துவிடக் கூடாது.