அம்பாசடர்: ஒரே உடல், பல இதயங்கள்



மோரிஸ் என்னும் மகிழுந்துப் பெயர் மூவார் வாழ் மூத்தோர் பலருக்குப் புதியதன்று. பிரிட்டிஷார் கால மலாயாவின் சாலைகளில் ஓடிய பெயர் அது. அக்குடும்பத்தைச் சேர்ந்த வண்டி ஒன்று இந்தியாவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உருவாக்கப்பட்டது. தமிழ்த் திரைப்படங்களில் நாம் கண்டு பழகிய அம்பாசடரே அது. பழைய வண்டிக்குப் புதிய இயந்திரம் மட்டும் போதுமா என்னும் வினாவிற்கு அதன் வரலாறு நல்லதொரு விடை தருகிறது.

பிரிட்டனில் 1956-இல் வெளிவந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையே அம்பாசடரின் மூலவடிவம். கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அதனை உருவாக்கியது. தொடக்கத்தில் பழைய வகை 1476 சி.சி. இயந்திரமே பொருத்தப்பட்டது. 1959-இல் 55 குதிரைத்திறன் கொண்ட 1489 சி.சி. இயந்திரம் அதன் இடத்தைப் பிடித்தது. பிரிட்டனில் அவ்வுடலுக்கென அமைந்த இயந்திரமே அது. ஆகவே, அம்மாற்றம் இயல்பாகப் பொருந்தியது.

1980-ஐ ஒட்டி டீசல் இயந்திரம் வந்தது. திறன் குறைவு, ஆயினும் எரிபொருட் செலவும் குறைவு. வாடகை வண்டி ஓட்டுநர்களுக்கு வேண்டியது வேகமன்று, சிக்கனமே. பயன் அறிந்து செய்த மாற்றம் என இதனைக் கூறலாம்.

1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் இயந்திரம் இடம்பெற்றது. திறன் ஏறத்தாழ 75 குதிரைத்திறனாக உயர்ந்தது. புதிய இயந்திரத்தோடு ஐந்து வேக கியர்ப் பெட்டியும் வந்தது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்திய வண்டிகளும் பின்னர் வெளிவந்தன. விரைந்து ஓடும் வண்டி விரைந்து நிற்கவும் வேண்டுமல்லவா?

ஆனால், உடலமைப்பும் பின்புற வில்பட்டைகளும் பெரும்பாலும் ஐம்பதுகளிலேயே நின்றுவிட்டன. 1983-இல் மாருதி 800 வந்தபின் மக்களுக்கு மாற்று வழி பிறந்தது. எண்பதுகளின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 24,000 வண்டிகள் என்றிருந்த நிலை, 2013-14-இல் சுமார் 2,200-ஆகச் சுருங்கியது. 2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2017-இல் அம்பாசடர் என்னும் பெயர் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் விற்கப்பட்டது.

நம் நாட்டின் புரோட்டோன் சாகாவை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1985-இல் மிட்சுபிசி இயந்திரத்தோடு பிறந்த முதல் சாகா 2008 வரை நீடித்தது. அவ்வாண்டு வந்த இரண்டாம் தலைமுறை சாகா, கேம்புரோ இயந்திரத்தை மட்டுமன்றிப் புதிய உடலையும் பெற்றது.

பழைய மகிழுந்துக்கு இயந்திரம் மாற்ற எண்ணும் பெற்றோருக்கும் இவ்வரலாறு பயன்படும். பிரேக், கியர்ப் பெட்டி, குளிரூட்டும் அமைப்பு, இயந்திரத்தைத் தாங்கும் பிடிகள் ஆகியவை புதிய திறனைத் தாங்குமா என முதலில் ஆராய வேண்டும். சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் இன்றியமையாதது.

வகுப்பில் மாணவரிடம் இவ்வினாவை எழுப்பிப் பாருங்கள்: அம்பாசடரை இத்தனை காலம் வாழ வைத்தது புதிய இயந்திரமா, போட்டியின்மையா? அவர்தம் விடைகளிலிருந்து ஒரு நல்ல வரலாற்றுப் பாடம் தொடங்கும்.